அப்பாவின் சுருதியில் அண்ணன் வாசித்த கிட்டார்

முதலில் உறவினர்களும் நண்பர்களும் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்பது இன்றுவரை எனக்குத் திண்டாட்டம்தான். தொடக்கநிலை ஆறோடு என் படிப்பு நின்றுவிட்டது. நான் எழுதியதை என் மகள் படித்து, பிழைகளைத் திருத்தி, தட்டச்சு செய்து தந்திருக்கிறாள். அதற்குப் பிறகும் தவறு இருந்தால் அது என்னுடையது.

இக்கட்டுரை கருமாதியன்று கொடுத்த நினைவு மலரிலேயே வந்திருக்க வேண்டும். அண்ணி கேட்டார். எழுத உட்கார்ந்தேன். "எங்கள் அண்ணன்" என்று எழுதியதும் அடுத்த சொல் வரவில்லை. இப்போது முதலாம் ஆண்டு நினைவு நாளே வந்துவிட்டது. இம்முறை எழுதாமல் இருக்க முடியாது. ஏனென்றால் இந்த ஆண்டு அண்ணனைப் பற்றி ஒரு முடிவு எடுக்க வேண்டிய பொறுப்பு எனக்கு வந்தது.

அண்ணனின் பழைய பாடல்களை மறுபடியும் வெளியிட வெளிநாட்டு இசை நிறுவனம் ஒன்று முன்வந்தது. பாடல்களின் சுருதி வழக்கத்தைவிடச் சற்று இறங்கியிருக்கிறது, கணினியில் அதைச் சரிசெய்து வெளியிடலாமா என்று குடும்பத்தின் சம்மதத்தைக் கேட்டார்கள். சரிசெய்தால் இன்றைய பிரபலமான பாடகி ஒருவர் அண்ணனின் குரலோடு சேர்ந்து பாடுவார், பல நாடுகளுக்கும் பாட்டுப் போகும் என்றார்கள். அண்ணி என்னைக் கூப்பிட்டு, "தம்பி, நீங்களே சொல்லுங்க. அவரோட ரொம்ப நாள் இருந்தது நீங்கதான்" என்று சொல்லிவிட்டார்.

நான் காப்பிக்கடையில் பால் விடாத தே ஓ கேட்பதற்கே தயங்குபவன். சரிசெய்யலாமா, வேண்டாமா? அந்த ஒரு சொல்லைச் சொல்வதற்கு அண்ணனின் வாழ்க்கையை முதலிலிருந்து நினைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. அப்படி நினைத்ததைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

அண்ணன் சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடைவீட்டின் மாடியில் பிறந்தார். அவர் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பாவும் அம்மாவும் தோ பாயோ அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்துவிட்டார்கள். நான் அங்கே பிறந்தவன். அப்பாவுக்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலை. அம்மா அலுவலகங்களைச் சுத்தம் செய்யும் வேலைக்குப் போனார். வெள்ளிக்கிழமை மாலைகளில் அப்பா குளித்து வேட்டி கட்டிக்கொண்டு தோ பாயோ கோயிலில் தேவாரம் பாடுவார். அவருக்குக் கனத்த, தாழ்ந்த குரல்.

வீட்டில் ஒரு சுருதிப் பெட்டி இருந்தது. அப்பா நாகப்பட்டினத்தில் கப்பலேறியபோது கூடவே கொண்டுவந்தது. கடல் காற்றோ, இங்குள்ள ஈரமோ, அதன் உள்ளே இருக்கும் பித்தளை நாக்குகள் தளர்ந்து சுருதி இறங்கிவிட்டது. வேறு எந்த வாத்தியத்தோடும் அது சேராது. ஆனால் அப்பாவின் குரலுக்கு அது வசதியாக இருந்ததால் மாற்ற வேண்டும் என்று அவர் நினைக்கவே இல்லை.

அண்ணன் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போது சுங்கை ரோடு பழைய பொருள் சந்தையில் ஒரு கிட்டார் வாங்கிக்கொண்டு வந்தார். முதுகில் விரிசல் இருந்தது. சொல்லித்தர ஆளில்லை. கம்பிகளை எந்தச் சுரத்தில் வைக்க வேண்டும் என்றும் தெரியாது. எங்கள் வீட்டிலோ பாட்டு என்றால் முதலில் சுருதிப் பெட்டியை எடுப்பதுதான் வழக்கம். அண்ணனும் அதையே செய்தார். அம்மா ஒரு கையால் பெட்டியை அமுக்கிக்கொண்டே மறு கையால் கீரை ஆய்வார். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, ஆறு கம்பிகளையும் ச, ப, ச என்று பெட்டியோடு சேர்த்துக்கொள்வார். உலகத்தில் எல்லாரும் கிட்டாரை அப்படித்தான் சேர்ப்பார்கள் என்று அவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்பா காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "சேர்ந்துருக்கு, வாசி" என்பார். அவ்வளவுதான் அண்ணன் பெற்ற இசைப் பயிற்சி.

கட்டாய ராணுவப் பயிற்சியான தேசிய சேவையை முடித்துவிட்டு அண்ணன் பூன் லேயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்தார். அங்கேதான் காதர் அண்ணனைச் சந்தித்தார். அவருடைய அப்பாவுக்குத் தேக்காவில் மளிகைக் கடை. காதர் அண்ணன் பேஸ் கிட்டாரை ஆசிரியரிடம் முறையாகக் கற்றவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து, அண்ணன் வாசிப்பதைக் கேட்டுவிட்டு, கிட்டாரைப் பிடுங்கி ஒவ்வொரு கம்பியாகத் தட்டிப் பார்த்தார்.

"மச்சான், இது கிட்டாரா, தம்புராவா?"

"ஏன் பாய்?"

"ஒரு கம்பிகூட இருக்க வேண்டிய எடத்துல இல்லலா! இத்தன நாளா இதுலயா வாசிச்சே?"

அப்பா அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "சுருதி சேர்ந்துதானே இருக்கு?" என்றார்.

"சேர்ந்துதான் இருக்கு மாமா. எதோட சேர்ந்திருக்குன்னுதான் தெரியல!"

அம்மாவுக்கு அன்று சிரிப்பை அடக்க முடியவில்லை. காதர் அண்ணன் எல்லாக் கம்பிகளையும் முறைப்படி சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போனார். அண்ணன் அதில் வாசித்துப் பழகினார். வேலைக்குப் போய் வந்து சாப்பிடாமல்கூட உட்கார்ந்தார். விரல்கள் சரியான இடத்துக்குப் போயின. ஆனால் முகத்தில் களை இல்லை. பிறகு ஒரு நாள் பெட்டியை எடுத்துப் பழையபடி சேர்த்துவிட்டார். காதர் அண்ணன் வந்து தலையில் அடித்துக்கொண்டார்.

"தப்புன்னு தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான் பாய். நீ சரி பண்ணிக் குடுத்த எடத்துல ஊர்ல உள்ளவங்க பாட்டெல்லாம் இருக்கு. என் பாட்டு எதுவும் அங்க இல்ல. இங்கதான் இருக்கு."

காதர் அண்ணன் கொஞ்ச நேரம் முறைத்தார். பிறகு தம் பேஸ் கிட்டாரை எடுத்து முறுக்காணிகளைத் தளர்த்தினார். "பாரு, கம்பி துணி காயப்போடற கயிறு மாதிரி தொங்குது" என்று முணுமுணுத்தபடியே வாசித்தார். அன்று ஆரம்பித்த முணுமுணுப்பு கடைசிவரை நிற்கவில்லை. அவர் வாசிப்பதும் நிற்கவில்லை.

தொழிற்சாலையிலேயே வேலை பார்த்த சீன நண்பர் ஆ செங் டிரம் வாசிக்க வந்தார். மூவருமாகச் சேர்ந்து, லிஃப்டுக்காகக் காத்து நிற்கும் இடத்தை நினைத்து, "லிஃப்ட் லாண்டிங்" என்று குழுவுக்குப் பெயர் வைத்தார்கள். காதர் அண்ணனின் அப்பாவுடைய கடைக்குப் பின்னால் இருந்த சரக்கு அறையில், வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் பயிற்சி நடக்கும். மூட்டைகள் சத்தத்தை வாங்கிக்கொள்ளும் என்று அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். நான் அப்போது தேக்கா சந்தைக்குக் காய்கறி லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். அவர்களுடைய ஒலிபெருக்கிகளும் டிரம்களும் என் லாரியில்தான் போகும். நாங்கள் மேடைக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே எங்கள் வாசம் போய்ச் சேர்ந்துவிடும் என்று ஆ செங் கிண்டல் செய்வார்.

பெரியவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். அண்ணன் வாசித்தது சினிமாப் பாட்டு அல்ல. 'ஆல்டர்னேடிவ் ராக்' என்பார்கள். நான் ஒருமுறை லாரியில் போகும்போது அண்ணனிடம் கேட்டேன்.

"ஆல்டர்னேடிவ்னா என்னண்ணே?"

"ரேடியோவுல போட மாட்டாங்கன்னு அர்த்தம்டா."

அண்ணன் எழுதிய பாட்டுகள் ஆங்கிலத்தில் இருக்கும். எனக்கு அவ்வளவு ஆங்கிலம் தெரியாது. புதுப் பாட்டு எழுதியதும் லாரியில் என் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் அர்த்தம் சொல்வார். காதலையோ புரட்சியையோ பற்றி அவர் எழுதவில்லை. லிஃப்ட் எங்கள் மாடியில் நிற்காததைப் பற்றி எழுதினார். பூன் லே தொழிற்சாலைப் பேருந்தில் ஒருவர் தோளில் ஒருவர் தூங்கிப் போவதைப் பற்றி எழுதினார். மேல் மாடியில் மூங்கில் கம்பில் காயப்போட்ட துணி நம் துணிமேல் சொட்டுவதைப் பற்றி ஒரு பாட்டு. "வானம் வெளுத்திருக்கிறது, என் சட்டையில் மட்டும் பக்கத்து வீட்டு மழை" என்று அது ஆரம்பிக்கும்.

"புரியுதாடா?"

"புரியுதுண்ணே."

"சோகமா இருக்கா?"

"சோகம்னு இல்ல. ஈரமா இருக்கு."

அண்ணன் லாரியே அதிரும்படி சிரித்தார். நான் சொன்னது அவருக்குப் பிடித்திருந்தது என்று மறுவாரம்தான் தெரிந்தது. அந்தப் பாட்டில் இருந்த சோகமான கடைசி அடியை எடுத்துவிட்டிருந்தார்.

அப்பா ஒரே ஒரு தடவை நிகழ்ச்சிக்கு வந்தார். சட்டையை இஸ்திரி போட்டு, விபூதி பூசி, முதல் வரிசையில் உட்கார்ந்தார். சுற்றிலும் இளைஞர்கள் தலையை ஆட்டிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா காதில் பஞ்சு வைத்துக்கொண்டார், ஆனால் எழுந்து போகவில்லை. முடிந்ததும் அண்ணன் வியர்வையோடு வந்து நின்றார்.

"எப்படிப்பா இருந்துச்சு?"

"சுருதி எங்கயும் விலகல. ஆனா ஏன்டா எல்லாரும் இவ்வளவு கோவமா இருக்காங்க?"

"கோவம் இல்லப்பா, சந்தோஷம்."

"சந்தோஷமா? அப்ப சரி. டாக்ஸி பிடி."

சிங்கப்பூரில் அண்ணனைப் போல வாசித்தவர் அதற்கு முன் யாரும் இல்லை. இதை நான் தம்பி என்பதற்காகச் சொல்லவில்லை. அவருடைய கிட்டாரில் பாட்டு எதுவாக இருந்தாலும் அடியில் ஒரு ரீங்காரம் ஓடிக்கொண்டே இருக்கும். அதன் மேல் அவர் எத்தனை கூச்சலிட்டாலும் அது அசையாது. ஒலிநாடாக்களாக வந்த பாடல்கள் கை மாறி, ஜொகூர் பாலம் தாண்டி, இந்தோனீசியா, பிலிப்பைன்ஸ் வரை போயின. இங்கே வந்த ஒரு வெளிநாட்டுக் குழுவின் கிட்டார்காரர் நிகழ்ச்சி முடிந்ததும் அண்ணனைத் தேடி வந்து, இது என்ன 'ட்யூனிங்' என்று கேட்டார். அண்ணனுக்குச் சுருதிப் பெட்டியை எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. "அப்பா" என்று சொன்னார். அந்த மனிதர் மரியாதையாக அதைக் கேட்டுக்கொண்டு ஊருக்குப் போய், தம் பாட்டில் அதைப் பயன்படுத்தி, எங்கே கற்றேன் என்று பத்திரிகையிலும் சொல்லிவிட்டார்.

அதிலிருந்து அதற்கு 'அப்பா ட்யூனிங்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. இன்று இணையத்தில் எந்தெந்த நாட்டுப் பிள்ளைகளோ கம்பியைத் தளர்த்திக்கொண்டு, "இப்போது அப்பாவுக்கு வருவோம்" என்று பாடம் நடத்துகிறார்கள். என் மகள்தான் கைப்பேசியில் காட்டினாள். அவர்களில் பலருக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் தெரியாது. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய ஒருவர் அத்தனை வீடுகளில் இருக்கிறார் என்று எனக்கு அப்போது தோன்றியது.

கஷ்டங்களும் இருந்தன. தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போனதும் அண்ணனுக்கு வேலை போயிற்று. அப்பா தவறிய அடுத்த ஆண்டே அம்மா படுத்துவிட்டார். அண்ணன் லிட்டில் இந்தியாவில் ஒரு சிறிய கடையில் ஒலிபெருக்கி பழுதுபார்க்கும் வேலையில் சேர்ந்தார். அம்மாவைக் குளிப்பாட்டி, தலை சீவி, சாப்பாடு ஊட்டிவிட்டுத்தான் கடைக்குப் போவார். அண்ணி அந்தச் சமயத்தில்தான் எங்கள் குடும்பத்துக்கு வந்தார். கல்யாணமான புதிதில் கணவர் ராக் பாடகர் என்று அண்ணி சொன்னால், அவருடைய அலுவலகத்தில் யாரும் நம்பமாட்டார்களாம். "மீன் வாங்கப் பை எடுத்துக்கிட்டுப் போறவரா?" என்று கேட்பார்களாம்.

அப்பா போன பிறகு ஆ செங் ஒரு சிறிய மின்னணுக் கருவியை அண்ணனுக்குப் பரிசாகக் கொடுத்தார். கம்பியைத் தட்டினால் சரியான சுரத்துக்குப் பச்சை விளக்கு எரியும். அண்ணன் தட்டும்போதெல்லாம் சிவப்புதான் எரிந்தது. "பாவம், அதுக்கு அப்பாவத் தெரியாதுலா" என்று சொல்லி அதை இழுப்பறையில் வைத்துவிட்டார். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் சுருதிப் பெட்டியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போவார். அதை அமுக்கிக் கேட்ட பிறகுதான் மற்றவர்கள் வாத்தியத்தைத் தொடலாம். யார் என்ன சொன்னாலும் அதில் மாற்றமில்லை. மற்றபடி அண்ணன் யாரிடமும் குரலை உயர்த்தியவர் அல்லர்.

கணையத்தில் நோய் என்று தெரிந்தபோது முற்றியிருந்தது. அண்ணன் அழவில்லை. காதர் அண்ணன்தான் மருத்துவமனையின் கீழே நின்று அழுதார். நாளாக ஆக அண்ணனின் இடக்கையில் கம்பியை அழுத்தும் வலு இல்லாமல் போயிற்று. வேறு யாராக இருந்தாலும் அத்தோடு வாசிப்பு முடிந்திருக்கும். ஆனால் அப்பாவின் சுருதியில் சேர்த்த கிட்டாரில் எதையும் அழுத்த வேண்டியதில்லை. திறந்த கம்பிகளின்மேல் கட்டைவிரலை இழுத்தால் போதும், முழுச் சுரமும் கிளம்பும். அண்ணன் கட்டிலில் சாய்ந்து மடியில் கிட்டாரை வைத்துக்கொண்டு, அப்படியே மெல்ல இழுத்துக்கொண்டிருப்பார். தாதியர்கள் வாசலில் நின்று கேட்பார்கள். அண்ணி பக்கத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருப்பார். அண்ணன் பிரிந்த அன்று காலையிலும் வாசித்தார்.

இறுதிச் சடங்குகள் தோ பாயோவில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே நடந்தன. வந்திருந்த பலருக்கும் அந்தக் காட்சி நினைவிருக்கும். காலையிலிருந்து கறுப்புச் சட்டை போட்ட இளைஞர்கள் கூட்டங்கூட்டமாக வந்து, ஓரமாக நின்றுகொண்டே இருந்தார்கள். கையில் பச்சை குத்தியவர்கள், மூக்கில் வளையம் போட்டவர்கள், மலாய்க்காரர்கள், சீனர்கள். அத்தை என் கையைப் பிடித்து இழுத்தார்.

"யாருடா இவங்கல்லாம்? கேங்கா? சாவு வீட்டுக்குக் கறுப்பு போட்டுக்கிட்டு வந்திருக்குதுங்க!"

நான் பதில் சொல்வதற்குள் காதர் அண்ணன் சொன்னார். "அத்தை, அந்தச் சட்டையில இருக்கற படத்தப் பாருங்க. யாருன்னு தெரியுதா?"

அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு பையனின் நெஞ்சுக்குக் கிட்டே போய்ப் பார்த்தார். நீளமான தலைமுடியோடு இளவயது அண்ணன். அத்தை அங்கேயே அழுதுவிட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர்களையெல்லாம் வரிசையில் நிற்க வைத்தார். "இந்தா, கொஞ்சம் அரிசி எடு. செருப்பக் கழட்டு. இப்படிப் போடணும், பாத்துக்க. சாப்டியா நீ?" என்று தமிழிலேயே ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொடுத்தார். அவர்களுக்கும் புரிந்தது. அண்ணன் என்ன வேலை பார்த்தார் என்று எங்கள் சொந்தக்காரர்களில் பலர் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார்கள்.

இனி அந்த முடிவைப் பற்றிச் சொல்கிறேன்.

இசை நிறுவனத்தார் எங்களை ஓர் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அழைத்தார்கள். அண்ணி, காதர் அண்ணன், என் மகள், நான் என்று நால்வரும் போனோம். ஒலிப்பதிவாளர் இளைஞர். மிகவும் மரியாதையானவர். அண்ணனின் பாடல்களைக் கேட்டுத்தான் இந்த வேலைக்கே வந்தேன் என்றார். ஒரு பாடலைச் சரிசெய்து வைத்திருந்தார். நாங்கள் கேட்டோம்.

உண்மையைச் சொல்ல வேண்டும், அது நன்றாக இருந்தது. பளிச்சென்று இருந்தது. காதர் அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"தம்பி, கேட்டியா? என் வாழ்க்கையில மொத தடவ நான் சுத்தமா வாசிச்சிருக்கேன்! இதுதான்லா, இதுதான் வேணும். எல்லாரும் கேக்கட்டும் அவன."

அண்ணி பழையதை ஒரு தடவை போடச் சொன்னார். அதன் பிறகு மறுபடியும் புதியதைப் போடச் சொன்னார். புதியதில் அண்ணனின் குரல் சற்று ஏறி, போட்டோ எடுப்பவர் சொன்னதற்காக நிமிர்ந்து நிற்பவரைப் போல இருந்தது. அண்ணி பாட்டை நிறுத்தச் சொன்னார். என்னைப் பார்த்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். 

"நோ, தேங்க் யூ" என்றேன். கடையில் பிளாஸ்டிக் பை வேண்டாம் என்று சொல்வதுபோல் அது வந்துவிட்டது.

நிறுவனத்துப் பெண் ஏன் என்று கேட்டார். நான் தமிழில் சொன்னேன், என் மகள் ஆங்கிலத்தில் சொன்னாள்.

"இவரு செஞ்சதுல குறையே இல்ல. சுத்தமா இருக்கு. ஆனா எங்க அண்ணன் தெரியாம அங்க நிக்கல. தெரிஞ்சேதான் நின்னாரு, கடைசி வரைக்கும். அது எங்க அப்பா நின்ன எடம். இப்ப அவரால வேணாம்னு சொல்ல முடியாதுங்கறதுக்காக நாம தூக்கி வேற எடத்துல வெக்கக் கூடாது."

அந்தப் பெண் மறைக்காமல் பேசினார். அப்படியென்றால் அந்தப் பாடகி சேர்ந்து பாட முடியாது, பல நாடுகளில் பெரிய அளவில் வெளியிடவும் இயலாது, இணையத்தில் மட்டும் பழையபடியே வெளியிடலாம் என்றார். அது எவ்வளவு பெரிய இழப்பு என்று எனக்குத் தெரியும். அண்ணி தலையசைத்தார். அத்தோடு முடிந்தது.

வெளியே வந்ததும் காதர் அண்ணன் என்னை விட்டுவிட்டு விறுவிறுவென்று முன்னால் நடந்தார். நான் அவரைத் தேக்காவில் ஒரு காப்பிக்கடைக்கு அழைத்துப் போனேன். கோப்பியைத் தொடாமல் ஆறவிட்டார்.

"கோவமாண்ணே?"

"கோவம்தான்லா. ஆயுசு பூரா வாயத் தொறக்காதவன், தொறந்தா இதுக்கா தொறக்கணும்? அவன் பேரு எங்கெங்கயோ போயிருக்கும்."

"போயிருக்கும்ணே."

"என் பேரும் கூடப் போயிருக்கும்."

 அவர் கோப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, மேசைமேல் இடக்கை விரல்களை வைத்து, இல்லாத கம்பிகளை அழுத்திப் பார்த்தார்.

"உண்மையச் சொல்லவா? அந்தப் புதுசக் கேட்டப்ப நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா கண்ண மூடினா அவன் எனக்குப் பக்கத்துல நிக்கல. எவனோ நல்லா வாசிக்கற ஒருத்தன் நிக்கறான்." கையை எடுத்துக்கொண்டார். "சரி, தப்பாவே போகட்டும். நம்ம தப்புதானே."

அதன் பிறகு இன்னொரு கோப்பி சொல்லச் சொன்னார். நான்தான் எழுந்து போய்ச் சத்தமாகச் சொன்னேன்.

நன்றி சொல்லி முடிக்க வேண்டும். அண்ணனைக் கடைசிவரை முகம் சுளிக்காமல் கவனித்த மருத்துவர்களையும் தாதியர்களையும் எங்கள் குடும்பம் மறக்காது. சமைக்காத வீட்டுக்கு எல்லா நாளும் சாப்பாடு கொண்டுவந்த மேல் மாடிச் சீனக் குடும்பத்துக்கும், தேவாரம் பாடிய கோயில் அன்பர்களுக்கும், மண்டாய் தகனச்சாலை வரை கூட வந்த அத்தனை கறுப்புச் சட்டைப் பிள்ளைகளுக்கும் நன்றி. இப்போது குடியிருக்கும் வெளிநாட்டிலிருந்து விமானமேறி வந்து, டிரம் குச்சிகளை அண்ணனின் கையருகே வைத்துவிட்டுப் போன ஆ செங்குக்கு நன்றி. காதர் அண்ணன் எங்கள் வீட்டு ஆள், அவருக்கு நன்றி சொன்னால் திட்டுவார். அண்ணிக்கு நாங்கள் என்றும் கடமைப்பட்டிருக்கிறோம்.

நினைவு நாளன்று தோ பாயோ வீட்டில் படையல் முடிந்ததும் அண்ணனின் பாடல்கள் ஒலிக்கும். அவர் வாசித்தபடியே, அவர் வாசித்த சத்தத்திலேயே ஒலிக்கும். சாப்பிட்டுவிட்டு இருந்து கேளுங்கள். பெரியவர்கள் விரும்பினால் பஞ்சு தருகிறோம். சத்தத்தைக் குறைக்கும்படி மட்டும் யாரும் கேட்க வேண்டாம். கேட்டால் வேண்டாம் என்று சொல்ல இப்போது எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
தம்பி

மார்சிலிங்,
ஆவணி மாதம், இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை.